கடலுக்கடியில் ஒரு குடித்தனம்

வீட்டுக்காரர் வேலையிலிருந்து வர அரை மணி தாமதமானால் போதும், நமக்கு இருப்புக் கொள்வதில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்து நடந்தே கால் ஓய்ந்துவிடும். "கிளம்பிட்டேன், பத்து நிமிஷத்துலே வந்துடுவேன்" என்று போனில் ஒரு வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் தோசைக்கல்லை அடுப்பில் போடவே தோன்றும். அந்த ஒரு வார்த்தைகூடக் கிடைக்காமல் வாரக் கணக்கில், மாதக் கணக்கில் காத்திருந்த பெண்களைப் பற்றி இன்று உங்களோடு பேசப் போகிறேன். அவர்களில் பலருக்குக் காத்திருப்பு ஆயுசு முழுவதும் நீண்டுவிட்டது. யுத்த காலத்தில் நீர்மூழ்கிக் கப்பலில் போன ஆண்களின் தாயார்கள், மனைவிகள், சகோதரிகள் அவர்கள்.

எல்லையில் பனியிலே நிற்கும் சிப்பாயை நமக்குத் தெரியும். குடியரசு தினத்தன்று ஆகாயத்தில் சீறிப் பறக்கும் விமானங்களைக் குழந்தைகளுக்குக் காட்டிக் கை தட்டுகிறோம். நீர்மூழ்கிக் கப்பல்காரரை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. தான் இருக்கும் இடம் பிறர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வதுதானே அவர் உத்தியோகம்! உயிரோடு இருக்கும்போது எப்படி மறைந்திருக்கிறாரோ, அப்படியே போய்விட்டாலும் மறைந்தே போகிறார். மாலை போட ஓர் உடல் கிடையாது. பால் தெளிக்க ஒரு மண்மேடு கிடையாது. ஆகவே அவரை நினைவில் வைத்திருக்கும் வேலை முழுக்க முழுக்க வீட்டில் இருப்பவர்களுடையதாகிவிடுகிறது.

அக்காவின் கவலை

என் கணவருக்கு மாற்றலாகி நாங்கள் விசாகப்பட்டினம் வந்து ஒன்பது வருஷமாகிறது. அக்கா திருநெல்வேலிப் பக்கம். அக்காவின் மகன் பிளஸ் டூ முடித்ததும் கடற்படையில் மாலுமியாகச் சேர்ந்தான். சில வருஷம் மேலே மிதக்கிற கப்பல்களில் வேலை பார்த்தான். போன வருஷம் கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் விடிகாலையில் அக்கா போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அவன் கடலுக்கு மேலே போறதே எனக்கு வயித்தைக் கலக்கிக்கிட்டிருந்தது. இப்போ சப்மரீனுக்கு எழுதிக் கொடுத்துட்டானாம். கடலுக்குள்ளேயே போறேங்கிறான்டி! பயிற்சி உங்க ஊர்லேதானாம். நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லு. நீ சொன்னா கேப்பான்."

நீர்மூழ்கிப் பிரிவுக்குத் தானே விரும்பி முன்வருகிறவர்களைத்தான் எடுக்கிறார்கள். அதுதான் அக்காவுக்கு இன்னும் பொறுக்கவில்லை. "யாராவது போகச் சொல்லியிருந்தா விதின்னு விட்டுடுவேன். இவனா கையைத் தூக்கினானே!" என்று அழுதாள். அடுத்த வாரமே ரயிலேறி வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வீட்டுக்கு வந்தான். அம்மா கையால் வைத்த சொதியை இரண்டு தரம் போட்டுக்கொண்டு சாப்பிட்டான். அக்கா பேச்சை ஆரம்பித்ததும், "அம்மா, நீ எதுவும் இப்போ சொல்லாதே. வா, குர்சுராவைப் பாத்துட்டு வரலாம். அப்புறம் நீ என்ன வேணாலும் திட்டு" என்றான்.

கரையேறிய கப்பல்

விசாகப்பட்டினத்துக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ராமகிருஷ்ணா கடற்கரையில் கறுப்பாக, நீளமாக, திமிங்கிலம் கரையேறிப் படுத்தது போல நிற்கிறது ஐ.என்.எஸ். குர்சுரா. சோவியத் யூனியனில் கட்டப்பட்டு 1969 டிசம்பரில் நம் கடற்படையில் சேர்ந்தது. 1971 யுத்தத்தின்போது அரபிக் கடலில் காவல் இருந்தது. 2001-ல் ஓய்வு பெற்றதும் அதைக் கரைக்கு இழுத்து வந்து, 2002-ல் பொதுமக்கள் பார்க்கும் காட்சிசாலையாக்கிவிட்டார்கள்.

நீளம் 91 மீட்டர். நாலு ரயில் பெட்டிகளைக் கோத்து நிறுத்தினால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு. எழுபத்தைந்து பேர் இருந்தார்களாம். 'நாலு பெட்டியில் எழுபத்தைந்து பேர்தானே, தாராளமாக இருக்கலாமே' என்றுதான் வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். உள்ளே போனால்தான் தெரிகிறது, இடமெல்லாம் இயந்திரங்களுக்கு, மனிதருக்கு மிச்சம் மீதிதான் என்று. டீசல் என்ஜின்கள், அறை அறையாக பாட்டரிகள், சுவரெல்லாம் குழாய்கள், வால்வுகள், கடிகாரம் போன்ற முகங்கள். நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. எதிரே ஒருவர் வந்தால் இருவரில் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வட்டமான துவாரம். முதலில் காலை நீட்டி, பிறகு தலையைக் குனிந்து நுழைய வேண்டும். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தாண்டினாள். மூன்றாவது துவாரத்தில் நின்றுவிட்டாள். அதன் கனமான இரும்புக் கதவைத் தொட்டுப் பார்த்து, "இது எதுக்கு?" என்று கேட்டாள்.

கூட வந்து விளக்கியவர் கடற்படையில் ஓய்வு பெற்ற பெரியவர். "ஒரு அறையில தண்ணி புகுந்துட்டா மத்த அறைகளைக் காப்பாத்த இந்தக் கதவைச் சாத்திடணும்" என்றார் இந்தியில். பிள்ளை தமிழில் சொன்னான்.

"அந்த அறையில இருக்கிறவங்க?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. பிள்ளையும் மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாமல் நின்றான். அக்காவும் நானும் புரிந்துகொண்டோம்.

எழுபத்தைந்து பேருக்கு ஓர் அடுப்படி

நம் கண் எங்கே போகும்? அடுப்படிக்குத்தானே! நம் வீட்டு ஸ்டோர் ரூமில் பாதிகூட இல்லை. அந்த இடத்தில் நின்றுகொண்டு சமையல்காரர் எழுபத்தைந்து பேருக்கு வேளா வேளைக்குச் சமைத்திருக்கிறார். தரையே சாய்ந்தாலும் பாத்திரம் சரியக் கூடாது. ஒரு கரண்டிகூடச் சத்தத்தோடு கீழே விழக் கூடாது. காய்கறியும் பழமும் புறப்பட்ட முதல் சில நாளைக்குத்தான். பிறகெல்லாம் டின்னில் அடைத்ததுதான்.

உலக யுத்த காலத்து ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் ரொட்டிகளை வலையில் போட்டுக் கூரையில் தொங்கவிடுவார்களாம். ஈரக் காற்றில் அவற்றின்மேல் வெள்ளையாகப் பூசணம் பஞ்சு போலப் படர்ந்துவிடும். அதற்கு மாலுமிகள் வேடிக்கையாக 'முயல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வெள்ளையைச் சுரண்டி எறிந்துவிட்டு நடுவில் இருப்பதைத் தின்பார்களாம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் பிள்ளை ஒரு நாள் பழைய இட்லியைத் தின்றுவிட்டால் நாம் படுகிற பாடு எத்தனை!

தண்ணீர் விஷயம் இன்னும் கஷ்டம். சுற்றிக் கடல், குடிக்கவோ அளந்து வைத்த நல்ல தண்ணீர். குளிப்பது, துணி துவைப்பது என்பதெல்லாம் அந்தக் காலக் கப்பல்களில் நினைத்துப் பார்க்க முடியாத சுகம். ஒருவர் எழுந்து வேலைக்குப் போனதும் அந்தப் படுக்கையிலேயே, அவர் உடம்புச் சூடு ஆறுவதற்குள், வேலை முடித்து வந்தவர் படுப்பார். முன்பக்க அறையில் டார்பிடோ குண்டுகளுக்குப் பக்கத்திலேயே தூங்குவார்கள்.

உடம்பு என்ன ஆகும் என்றும் யோசித்துப் பாருங்கள். வெயில் மேலே படுவதில்லை. பகலும் இரவும் கடிகாரத்தில்தான். நீருக்குள் இருக்கும்போது மூடிய டப்பாவுக்குள் எல்லோரும் விட்ட மூச்சையே எல்லோரும் இழுக்க வேண்டும். கரியமில வாயு ஏற ஏறத் தலைவலி, சோர்வு, மூச்சு வாங்கல். அதை உறிஞ்ச ரசாயனப் பொருள்கள் வைத்திருப்பார்கள். ஆனாலும் ஓர் அளவுதான். பாட்டரியில் மின்சாரம் தீர்ந்தால் மேலே வந்து, அல்லது காற்றுக் குழாயை மட்டும் நீருக்கு மேலே நீட்டி, டீசல் என்ஜினை ஓட்டி ஏற்றிக்கொள்ள வேண்டும். எதிரி கண்ணில் படுகிற ஆபத்து அப்போதுதான். பாட்டரிக்குள் கடல்நீர் புகுந்துவிட்டாலோ, குளோரின் என்ற விஷவாயு கிளம்பும். பாத்ரூம் கழுவ வைத்திருக்கும் பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் திறக்கும்போது மூக்கில் ஏறுமே, அந்த நெடியை நூறு மடங்கு நினைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சை அடக்கிக்கொண்டு

இதெல்லாம் சாதாரண நாட்களில். யுத்தம் என்று வந்துவிட்டால்?

மேலே எதிரிக் கப்பல் சுற்றுகிறது. நீருக்குள் சத்தம் வெகு தூரம் போகும். ஆகவே உள்ளே காற்றாடிகளை நிறுத்திவிடுவார்கள். வேலையில்லாதவர்கள் எல்லோரும் படுத்துவிட வேண்டும். அப்போதுதான் பிராணவாயு குறைவாகச் செலவாகும். பேச்சுக்கூடக் கிசுகிசுப்பில். ஒருவர் கையிலிருந்து ஸ்பேனர் நழுவினால் அத்தனை பேர் உயிரும் போய்விடலாம். உஷ்ணம் ஏறுகிறது, வேர்வை கொட்டுகிறது. மேலேயிருந்து எதிரி பீப்பாய் போன்ற வெடிகுண்டுகளை நீருக்குள் தள்ளுகிறான். அவை குறிப்பிட்ட ஆழத்துக்கு வந்ததும் வெடிக்கும். ஒவ்வொரு வெடிக்கும் கப்பல் குலுங்குகிறது; விளக்குகள் உடைகின்றன. அடுத்தது கிட்டவா, எட்டவா? மணிக் கணக்கில் இப்படி. ஓடிப் போக வழியில்லை. திருப்பிச் சுடவும் முடியாது. பொறுத்துக்கொண்டு கிடப்பதுதான் அங்கே வீரம்.

பொறுத்துக் கிடப்பது என்பது பெண்களாகிய நமக்குத் தெரிந்த விஷயம். பிரசவ அறையிலும், ஆஸ்பத்திரி வராந்தாவிலும் நாம் பொறுத்துத்தான் இருக்கிறோம். அதனால்தானோ என்னவோ, பாய்ந்து சண்டையிட்ட கதைகளைவிட இந்தக் கதை என் மனசில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

விசாகப்பட்டினத்தின் வாசலில்

குர்சுரா நிற்கிற கடற்கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற இதே கடலில்தான் இன்னொரு நீர்மூழ்கிக் கப்பல் இன்னும் கிடக்கிறது. அது நம்முடையதல்ல, பாகிஸ்தானின் 'காஜி'.

அமெரிக்காவில் 'டயப்ளோ' என்ற பெயரில் இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசியில் கட்டப்பட்டு, 1964-ல் பாகிஸ்தானுக்குப் போன கப்பல் அது. 1971 நவம்பரில் கராச்சியிலிருந்து கிளம்பி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்காள விரிகுடாவுக்கு வந்தது. நம் விமானந்தாங்கிக் கப்பலான 'விக்ராந்த்'தை மூழ்கடிப்பதுதான் அதன் நோக்கம். முதலில் சென்னைக் கரையோரம் தேடியது. பிறகு விசாகப்பட்டினத்துக்கு வந்தது. விக்ராந்தோ அதற்குள் அந்தமான் பக்கம் பத்திரமாகப் போய்விட்டது. டிசம்பர் 3-ந் தேதி நள்ளிரவில் துறைமுகத்துக்கு வெளியே பெரிய வெடிச் சத்தம். காஜி மூழ்கிவிட்டது. நம் 'ராஜ்புத்' கப்பல் போட்ட வெடிகுண்டுகளால் மூழ்கியது என்பது நம் கடற்படை சொல்வது. தானே வைத்த கண்ணிவெடியில் சிக்கியது என்பது பாகிஸ்தான் தரப்பு. உள்ளே இருந்த தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை.

எங்கள் எதிர்வீட்டுத் தெலுங்குக்காரப் பெரியம்மாவுக்கு அப்போது பத்து வயசாம். ஊரெல்லாம் இருட்டடிப்பு, ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம். அந்த வெடிச் சத்தத்தில் ஜன்னலெல்லாம் அதிர்ந்ததை இன்றைக்கும் சொல்கிறார். "எங்க ஊரு தப்பிச்சதுன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. எங்க அம்மா மட்டும், 'அந்தப் பிள்ளைங்களோட அம்மாவுக்கு யாரு போய்ச் சொல்வாங்க?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றார்.

அந்த அம்மாள் கேட்டது சரியான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அவர்கள் நம்மை அழிக்க வந்தவர்கள்தான். அதில் சந்தேகமில்லை. ஆனாலும் கராச்சியில் ஒரு வீட்டில் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் அல்லவா? 2024-ல் நம் கடற்படை ஆழ்கடலில் இறங்கும் புதிய கலத்தைக் கொண்டு காஜி கிடக்கும் இடத்தைப் பார்த்து வந்தது. இறந்தவர்களுக்கு மரியாதையாக அதைத் தொடாமல் விட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது, எனக்கு நம் கடற்படைமேல் மதிப்பு இன்னும் கூடியது.

காஜி மூழ்கிய ஆறாம் நாள் நமக்கு அந்தத் துக்கம் வந்தது. டிசம்பர் 9-ந் தேதி இரவு டையூவுக்கு அருகே, பாகிஸ்தானின் 'ஹேங்கோர்' என்ற நீர்மூழ்கி விட்ட டார்பிடோவினால் நம் 'குக்ரி' போர்க்கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போய்விட்டார்கள். காப்டன் மகேந்திரநாத் முல்லா தப்பிக்க முயலாமல் கப்பலோடேயே போனார். நீருக்கடியில் மறைந்திருப்பவனின் கை எவ்வளவு நீளம் என்று அன்று நாம் தெரிந்துகொண்டோம்.

கடிதம் எழுதிய பெண்கள்

அக்கா இருந்த அந்த இரண்டு வாரமும் நானும் மகளுமாக நூலகத்திலும் இணையத்திலும் தேடித் தேடிப் படித்தோம். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கா இழந்த நீர்மூழ்கிகள் 52. போன உயிர்கள் மூவாயிரத்து ஐநூறுக்கும் மேல். நீர்மூழ்கியில் போருக்குப் போனவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். ஜெர்மனியில் இன்னும் கொடுமை: சுமார் நாற்பதாயிரம் பேர் போனார்கள், நான்கில் மூன்று பேர் திரும்பவில்லை.

திரும்ப வேண்டிய நாள் வரும், கப்பல் வராது. என்ன ஆயிற்று என்று சொல்ல யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். 'வரவேண்டிய கெடு கடந்துவிட்டது, இழந்துவிட்டதாகக் கருதப்படுகிறது' என்ற பொருளில் அமெரிக்க அரசாங்கம் அறிவிக்கும். 'கருதப்படுகிறது' என்றால் என்ன அர்த்தம்? பொட்டை அழிப்பதா, வேண்டாமா என்று நம் ஊர்ப் பெண்ணாயிருந்தால் தவித்திருப்பாள். அங்கேயும் அதே தவிப்புத்தான்.

'கிரனியன்' என்ற அமெரிக்க நீர்மூழ்கி 1942 ஜூலையில் அலாஸ்காவுக்கு மேற்கே அலூஷியன் தீவுகளில் கிஸ்கா என்ற தீவின் அருகே 70 பேரோடு மறைந்தது. அதன் தலைவர் மானர்ட் ஏபெல். அவர் மனைவி கேத்தரினிடம் மூன்று சின்னப் பையன்கள். தன் துக்கத்தோடு துக்கமாக அந்த அம்மாள், கணவரோடு போன மாலுமிகளின் குடும்பங்களுக்கெல்லாம் கடிதம் எழுதினாள். பையன்கள் வளர்ந்து கிழவர்களான பிறகும் அப்பாவைத் தேடுவதை விடவில்லை. 2006-ல் ஆளை அமர்த்திக் கடலடியைத் தேடச் செய்தார்கள். ஏறக்குறைய மூவாயிரம் அடி ஆழத்தில் ஒரு கப்பலின் நிழல் தெரிந்தது. மறுவருஷம் காமிரா இறக்கிப் படம் எடுத்தார்கள். 2008-ல் அது கிரனியன்தான் என்று அமெரிக்கக் கடற்படை உறுதி சொன்னது. அறுபத்தாறு வருஷம்!

இதில் என்னை மிகவும் தொட்டது வேறொன்று. கப்பல் அகப்பட்டதும், அதில் போன 70 பேரின் உறவினர்களையும் கண்டுபிடித்துச் சேதி சொல்ல வேண்டும் என்று மூன்று பெண்கள் புறப்பட்டார்கள். பழைய முகவரிகள், மாறிப்போன ஊர்கள், கல்யாணமாகி மாறிய பெயர்கள் என்று ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, கடைசியில் 70 குடும்பங்களையும் கண்டுபிடித்துவிட்டார்கள். போன் செய்து, "உங்க அண்ணா இருக்கிற இடம் தெரிஞ்சுபோச்சு" என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்!

அமெரிக்காவில் நினைவுக் கூட்டங்களில் அந்த 52 கப்பல்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படிப்பார்கள். ஒரு பெயருக்கு ஒரு மணி அடிப்பார்கள். அவ்வளவுதான். போய்விட்டார்கள் என்று சொல்வதில்லை. முடிவில்லாத காவலில் இருக்கிறார்கள் என்று சொல்வது அவர்கள் வழக்கம்.

இன்னொரு பக்கம்

வீரத்தை மட்டும் சொல்லி முடித்தால் நான் ஒரு தாயாக எழுதியதாகாது. 1944 ஆகஸ்ட் 22-ந் தேதி இரவு 'போஃபின்' என்ற அமெரிக்க நீர்மூழ்கி ஒரு ஜப்பானியக் கப்பலை மூழ்கடித்தது. அதன் பெயர் 'சுஷிமா மாரு'. ஒகினாவா தீவில் சண்டை வரப்போகிறது என்று, பள்ளிக் குழந்தைகளைப் பத்திரமான ஊருக்கு அனுப்பி வைத்த கப்பல் அது. எழுநூறுக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகள் இறந்துபோனார்கள். உள்ளே குழந்தைகள் இருப்பது போஃபின் மாலுமிகளுக்குத் தெரியாது. பல வருஷம் கழித்துத்தான் தெரிய வந்தது. அதைவிடக் கொடுமை, இந்தச் செய்தியை வெளியே பேசக் கூடாது என்று ஜப்பானிய அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வாய்விட்டு அழக்கூடாது! இன்று அந்தக் குழந்தைகளுக்காக நஹா நகரில் ஒரு நினைவகம் இருக்கிறது.

இதை நான் பிள்ளையிடம் சொன்னேன். "பெரிஸ்கோப்புல பாத்தா கப்பல் மட்டும்தானேப்பா தெரியும்? உள்ளே யாருன்னு தெரியாதே" என்றேன். அவன் வெகு நேரம் பேசாமல் இருந்தான்.

"தெரியும் சித்தி. யுத்தமே வராம இருக்கணும்னுதான் நானும் சாமி கும்பிடறேன். நாங்க அடியிலே இருக்கோம்னு தெரிஞ்சாலே எதிரி கிட்டே வர யோசிப்பான். வராம இருந்தா அதுதான் எங்களுக்கு ஜெயம்" என்றான்.

"அதுக்கு நீதான் போகணுமா?" என்று அக்கா குறுக்கே கேட்டாள்.

"அங்கே சமையல்காரன்லேர்ந்து கமாண்டர் வரைக்கும் எல்லாருக்கும் கப்பல் முழுக்கத் தெரிஞ்சிருக்கணும்மா. எந்த வால்வு எங்கே இருக்கு, இருட்டிலே எப்படித் திறக்கிறது, எல்லாம். அதுலே தேறினாத்தான் சட்டையிலே டால்ஃபின் பட்டயம் குத்துவாங்க. ஒருத்தன் தப்புப் பண்ணினா எல்லாரும் போயிடுவோம். ஒருத்தன் சரியாப் பண்ணினா எல்லாரும் பிழைச்சிடுவோம். அந்த மாதிரி மனுஷங்களோட இருக்கணும்னு ஆசையா இருக்கு."

அன்று இரவு அக்கா தூங்கவில்லை. விடிந்ததும் என்னைக் கடைக்கு அனுப்பிப் பயத்தம்பருப்பும், புழுங்கலரிசியும், வெல்லமும், சுக்கும் வாங்கி வரச் சொன்னாள். மாதக் கணக்கில் கெடாத பொருள்விளங்கா உருண்டை பிடித்து டப்பாவில் போட்டாள். பிள்ளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து கிளம்பும்போது அதைக் கையில் கொடுத்தாள்.

"சரின்னும் நான் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. ஆனா ஒண்ணு. எப்ப கிளம்பினாலும் 'போறேன்'னு சொல்லாதே. 'போயிட்டு வரேன்'னு சொல்லிட்டுப் போ" என்றாள். அவன் அப்படியே சொல்லிவிட்டுப் போனான்.

நாம் செய்யக்கூடியது

இந்த ஊரில் கடற்படைக் குடும்பத்துப் பெண்கள் பலர் எனக்குப் பழக்கம். கணவன் எங்கே போகிறான் என்று கேட்க மாட்டார்கள். எப்போது வருவான் என்றும் கேட்க மாட்டார்கள். தலைப்பிரசவத்துக்குக் கணவன் அருகே இல்லாதவர்கள் உண்டு. பிறந்தது பெண்ணா, ஆணா என்பதே கரை சேர்ந்த பிறகுதான் தகப்பனுக்குத் தெரிந்ததாம். பாங்கு, பள்ளிக்கூடம், மாமியாரின் கண் ஆபரேஷன் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சமாளிக்கிறார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு பெண் இருந்தால், "அவர் எங்கே இருக்கார்? எப்போ வருவார்?" என்று துருவாதீர்கள். அவளால் பதில் சொல்ல முடியாது. கேள்வி மட்டும் மனசைக் குத்தும். அதற்குப் பதில் ஒரு கிண்ணம் ரசம் கொடுத்தனுப்புங்கள். குழந்தையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசாகப்பட்டினம் வந்தால் போர்ரா குகைக்கும் அரக்குப் பள்ளத்தாக்குக்கும் போவதோடு குழந்தைகளைக் குர்சுராவுக்கும் அழைத்துப் போங்கள். அந்த அடுப்படியையும், வட்டக் கதவையும் காட்டுங்கள். கதவு எதற்கு என்று குழந்தை கேட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள்.

டிசம்பர் 8-ந் தேதி நம் கடற்படையில் நீர்மூழ்கி தினம். 1967-ல் அன்றைக்குத்தான் நம் முதல் நீர்மூழ்கியான 'கல்வரி', கமாண்டர் கே. எஸ். சுப்ரமணியனின் தலைமையில், பால்டிக் கடலோரத்து ரீகா நகரில் நம் கொடியை ஏற்றிக்கொண்டது. அந்தத் தேதியைக் காலண்டரில் ஒரு வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை விளக்கேற்றும்போது, திரும்பி வராதவர்களுக்காகவும், இப்போது நமக்குத் தெரியாத ஏதோ ஓர் ஆழத்தில் விழித்திருப்பவர்களுக்காகவும் ஒரு நிமிஷம் கை கூப்புங்கள். எந்த தேசத்துப் பிள்ளையாயிருந்தாலும் சரி. கரையில் காத்திருக்கிறவள் எல்லா தேசத்திலும் ஒருத்திதானே.